ஆஸ்வின் என்று கூப்பிட ஒரு பிள்ளை

ராஜபாளையம் நகராட்சிப் பிறப்புப் பதிவின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிறந்த நாள் 11.6.1987, வியாழக்கிழமை. பதிந்த நாள் 19.6.1987. ஆண் குழந்தை. தகப்பன் பெயர், தாய் பெயர், முகவரி எல்லாம் நீல மையில் சாய்வான கையெழுத்தில் ஒழுங்காக இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு சிறு கோடு. பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது அந்தக் காலத்தில் வழக்கம்தான். இப்படிக் கோடு போட்ட நகல்கள் எத்தனையோ வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கோட்டுக்கு ஒரு முடிவு வர ஏறக்குறைய பத்து வாரம் பிடித்தது. அந்தப் பத்து வாரத்தில் நடந்ததையும், அடுத்த ஆண்டு ஆடிப்பூரத்தன்று நடந்ததையும் நினைவிருக்கும் வரை எழுதிவைக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பிள்ளை, என் சித்தப்பாவின் மகன். சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். 1985இல் மெஷினில் விரல் மாட்டி, ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். தையல் பிரிக்கப் போனவர், பிரித்து முடித்த பிறகும் போய்க்கொண்டே இருந்தார். அங்கே நர்ஸாக இருந்தவள் நெல்லைச் சீமையில் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அந்த டிசம்பரில் பதிவுத் திருமணம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அப்பா மட்டும் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தாத்தா அன்றைக்குச் சித்தப்பாவின் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினார். அதோடு சித்தப்பா வீட்டுக்கு வருவது நின்றது.

சித்தப்பா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். கொடியில் தொங்கிய அவருடைய பழைய சட்டையில் முகத்தை வைத்து மோந்து பார்த்து, அந்த வாடை போய்விட்டது என்று ஒருநாள் அழுதேன். வயிற்று வலி என்று நினைத்து அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள்.

இனி, தாத்தாவின் பெயரைச் சொல்ல வேண்டும். ரெங்கமன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்கு நாலு ரெங்கமன்னார் உண்டு. ஆண்டாளைக் கைப்பிடித்த பெருமாளின் பெயர் அது. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே அம்மா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாளிலேயே, தாத்தாவின் பெயரோடு சேர்த்துப் பெருமாளின் பெயரையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. கோவிலுக்குப் போனால் "ஆண்டாளம்மா வீட்டுக்காரவுக" என்பாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் என் முதுகில் இடிப்பாள். நான் சொல்ல வேண்டும். அதற்காகவே என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் வீட்டில் சீனி தீர்ந்தால் சனிக்கிழமை வரை காத்திருப்பாள்.

பிள்ளை பிறந்த செய்தி வந்தது. மூன்றாம் நாள் தாத்தா அப்பாவைக் கூப்பிட்டார். என் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, நான் ஒருத்திதான். வீட்டின் முதல் பேரன் ராஜபாளையத்தில் பிறந்திருக்கிறான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான், இதுவும் சட்டம்.

"ஏலே, அவன்கிட்டப் போய்ச் சொல்லு. எம் பேரை வைக்கிறதா இருந்தா ஆடி கழிச்சுப் பிள்ளையைத் தூக்கிட்டு வரட்டும். அவளும் வரட்டும். இல்லைன்னா பரண்ல இருக்கிற தட்டு அங்கனயே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். அரை மணி நேரப் பயணம். சித்தப்பா குடியிருந்தது தெலுங்கு பேசும் ஒரு வீட்டுக்காரம்மாவின் பின்கட்டில். முற்றத்தில் ஒரு பெரிய வெள்ளை நாய் கட்டிக் கிடந்தது. அதன் பெயர் டைகர். என்னைப் பார்த்து அது எழுந்து நின்றபோது என் நெஞ்சளவு உயரம் இருந்தது. வீட்டுக்காரம்மா, "பாபுவைப் பாக்க வந்தியா பாப்பா? போ, போ, இது ஒண்ணும் செய்யாது" என்றார். பாபு என்றது பிள்ளையை.

சித்தியை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். கறுப்பாக, உயரமாக, பெரிய பல்வரிசையோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய குரல். ரகசியம் பேசினாலும் முற்றத்துக்குக் கேட்கும். பிள்ளையை என் மடியில் வைத்து, "உன் தம்பி. ஆஸ்வின்னு கூப்பிடு, பார்ப்பான்" என்றாள்.

கூப்பிட்டேன். அவன் கொட்டாவி விட்டான்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தாத்தா சொன்னதைச் சொன்னார். சித்தப்பா நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திதான் பேசினாள். அவள் வீட்டில் தாய் சிறு வயதிலேயே போய்விட்டாளாம். மூன்று தம்பிகள், எட்வின், காட்வின், ஆஸ்வின். கடைசித் தம்பியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தது அவள். கல்யாணச் செய்தி கேட்டதும் மூத்தவர்கள் இருவரும் கத்திவிட்டுப் போனார்கள். இளையவன் கத்தவில்லை. "இனிமே உன் வாசலை மிதிக்கமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு ஹார்பர் வேலைக்குப் போய்விட்டான். கடிதம் போட்டால் பதில் இல்லை.

"எம் பிள்ளைக்கு அவன் பேரை வச்சிருக்கேன்னு காதுல விழுந்தா வந்து பார்ப்பான் அத்தான்" என்றாள் அப்பாவிடம். "வருஷம் ஆனாலும் வருவான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கூப்பிட இந்தப் பேரு மட்டும் போதும்."

அப்பா, தாத்தாவின் வார்த்தையைச் சுமந்து வந்தது போலவே இந்த வார்த்தையையும் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்.

தாத்தா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்பது. சித்திக்குத் தெரியாது. அவள் ஊர்க் கோவில் ஐயர் வைத்த பெயர் என்பது மட்டும் தெரியும். ஐயரா என்று தாத்தா நிமிர்ந்தார். அந்தப் பக்கத்தில் பாதிரியாரையும் ஐயர் என்றுதான் சொல்வார்கள் என்று அப்பா விளக்கியதும் பழையபடி சாய்ந்துகொண்டார்.

அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அந்த அலுவலகத்தில் இருந்த தடித்த ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கங்களில் ஆட்பெயர்களுக்குப் பொருள் போட்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எழுத்தின் மேல் விரல் வைத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். 'ஆஸ்' என்றால் தெய்வம், 'வின்' என்றால் நண்பன், பழைய ஆங்கிலம், இப்போது அரிதாக வழங்குவது. அவ்வளவுதான் இருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நல்ல செய்தி கிடைத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"தெய்வத்துக்குச் சிநேகிதன்னு அர்த்தமாம் அய்யா."

தாத்தா யோசித்தார். பெயர் பெருமாள் பக்கம் வந்து நின்றதில் அப்பாவுக்கு இருந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது.

"தாசன்னா சரி. அடியான்னா சரி. சிநேகிதன்னு சொல்லிக்கிட எம்புட்டுத் திமிரு இருக்கணும்" என்றார் தாத்தா. "பெருமாள் தோள்ல கையைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போவானா?"

"அவங்க வழக்கத்துல அப்படி..."

"வழக்கத்துல இல்லைன்னுதான நீயே சொல்லுத. அரிதுன்னு போட்டிருக்குல்ல? அவங்களே கழிச்சுப் போட்டதை நாம எதுக்குலே பொறுக்கணும்? நம்ம ஊருல இங்கிலீஷ்ல பேரு வைக்கிறது நாய்க்குத்தான்."

எனக்கு டைகர் ஞாபகம் வந்தது. உலகம் பூராவும் ராஜபாளையம் நாய் என்று ஊர்ப்பெயர் சொல்லித் தேடுகிற நாய்க்கு, ராஜபாளையத்திலேயே சீமைப் பெயர். தாத்தா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெயரைப் பற்றிப் பின்னாளில் கிடைத்த இடத்திலெல்லாம் தேடிப் படித்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில் ஏழாம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் ஓர் அரசன் இருந்தான். பெரும்படையோடு எதிரி வந்தபோது, தனக்காக இத்தனை பேர் சாக வேண்டாம் என்று தன் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நண்பன் என்று நம்பிய ஒருவன் வீட்டில் ஒளிந்தான். அந்த நண்பன் காட்டிக்கொடுக்க, கொல்லப்பட்டான். பிறகு அவனைப் புனிதனாகக் கொண்டாடினார்கள். நார்மானியர் வந்து ஆண்டபோது இப்படிப்பட்ட பழைய பெயர்கள் மெல்ல உதிர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழமை மீது ஆசை வந்து சிலவற்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். எட்வின் பரவலாக எடுபட்டது, ஆஸ்வின் அந்த அளவுக்கு எடுபடவில்லை. நெல்லைச் சீமைக்கு அது எந்தக் கப்பலில், யார் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. 'வின்' என்று முடியும்படி அண்ணன் தம்பிகளுக்கு அடுக்காகப் பெயர் வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. எட்வினும் காட்வினும் தீர்ந்துபோன வீட்டில் மூன்றாவதாக ஒருவன் பிறந்தால்தான் ஆஸ்வினுக்கு வேளை வரும். அப்படிப்பட்டவர்களில் நான் கேள்விப்பட்டது இரண்டே பேர்.

தாத்தாவின் தீர்ப்பை அப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார். எழுத்திலும் ரெங்கமன்னார், பேச்சிலும் ரெங்கமன்னார். வேறு பெயர் இந்த வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது. சித்தப்பா தலையாட்டினார். சித்தி ரொம்ப நேரம் பிள்ளையின் காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி" என்றாள். "உங்களுக்கும் தகப்பனார் வேணும்ல." இதைச் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவணி முதல் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். அது 23.8.1987 என்று நாட்காட்டியில் சரிபார்த்துக்கொண்டேன். அதற்கு முந்தைய ஞாயிறு அப்பாவோடு ராஜபாளையம் கிளம்பியபோது அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அதுவரை அம்மா சித்தியைப் பார்த்ததில்லை. அப்பா வாயிலாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கருத்தும் சொன்னதில்லை.

"உன் சித்திகிட்டத் தனியாச் சொல்லணும். அன்னிக்கு யாரு வந்து பிள்ளை பேரு என்னன்னு கேட்டாலும் அவதான் சொல்லணும். தெருவுக்கே கேக்குத மாதிரிச் சொல்லணும். பிள்ளையைக் கொஞ்சுனாலும் வைதாலும் முழுப்பேரையும் சொல்லியே கொஞ்சணும். அப்பந்தான் மாமாவுக்குச் சந்தோசமா இருக்கும்னு சொல்லு."

"மருமக அந்தப் பேரைச் சொல்லக் கூடாதேம்மா?"

"அது எனக்கு. நான் சொன்னதைச் சொல்லு போ."

சித்தப்பா அன்று காலை ஷிஃப்ட். அப்பா வெளியே வீட்டுக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைச் சித்தி கவனமாகக் கேட்டாள். எங்கள் வீட்டில் ஒருத்தியாவது தன் மேல் அக்கறை வைத்திருக்கிறாள் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டே "ரெங்கமன்னார், ரெங்கமன்னார்" என்று சொல்லிப் பார்த்தாள். றகரமா ரகரமா என்று என்னிடம் சந்தேகம் கேட்டுத் திருத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வந்தது. ஆரத்தி கரைத்து வாசலில் நின்றாள் அம்மா. சித்தப்பா இருபது மாதத்துக்குப் பிறகு படியேறினார். எதிர்வீட்டு அத்தை வந்து பிள்ளையின் தாடையைத் தொட்டு, "பேரு என்ன வச்சிருக்கு?" என்று வழக்கப்படி கேட்டார். பாட்டன் பெயர் வைத்த இடத்தில் பதில் சொல்லத் தகப்பனோ அத்தையோ முன்வருவார்கள். தாய்க்காரி சிரித்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அதுதான் மரியாதை.

"ரெங்கமன்னார்" என்றாள் சித்தி.

நாலு வீடு தள்ளி நின்றவர்களும் திரும்பினார்கள். எதிர்வீட்டு அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டார். காது மந்தமான இன்னொரு கிழவி, "என்ன சொல்லுதா?" என்று கேட்க, சித்தி இன்னும் உரக்க, ஆஸ்பத்திரியில் கூப்பிடுவதைப் போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். தாத்தா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே பெயர் சூட்டினார்கள். தாத்தா பிள்ளையின் காதில் தன் பெயரைத் தானே சொன்னார். மடியில் வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு இளக்கம் வந்தது. பிள்ளை வீறிட்டான்.

"ரெங்கமன்னார், அழக் கூடாது. சும்மா இருடா ரெங்கமன்னார்" என்றாள் சித்தி கூடத்தின் நடுவில் நின்று.

ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்பா எதையோ எடுக்கப் போவது போலக் கொல்லைப்பக்கம் போனார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டது. சித்திக்கு அந்த அமைதி விளங்கவில்லை. தான் இன்னும் அன்பாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னாள்:

"மாமா, ரெங்கமன்னார் உங்க வேட்டியை நனைச்சுட்டான்."

சித்தப்பா சிரிப்பை அடக்க முயன்று இருமினார். தாத்தா நனைந்த வேட்டியோடு பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு பொதுவாக, தூணைப் பார்த்துப் பேசினார்.

"ஏலே, அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க. ஒருதரம் சொன்னது போதும். அந்தப் பேரு எழுத்துக்கு இருக்கட்டும். கூப்பிடுததுக்கு ஏதோ வச்சிருந்தாளே, சிநேகிதன்னு. அதையே சொல்லச் சொல்லுங்க."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் முதன்முறையாக, வாய்க்குள்ளேயே "ஆஸ்வின்" என்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுப்படியில் அவள் அம்மாவிடம் கேட்டதும் எனக்குக் கேட்டது.

"நான் தப்பாச் சொல்லிட்டேனாக்கா?"

"இல்லட்டி. சரியாத்தான் சொன்ன. அந்தப் பாலை இறக்கு, பொங்குது."

அம்மா மறதியில் தவறான யோசனை சொல்லிவிட்டாள், பெருமாள் புண்ணியத்தில் தப்பித்தோம் என்றே வெகுகாலம் நம்பினேன். வளர்ந்த பிறகு ஒருமுறை கேட்டபோது, "எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துவரம்பருப்பில் கல் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பரணிலிருந்து தட்டு இறங்கியது. விசேஷம் என்றால் சித்தப்பா குடும்பத்தோடு வந்துவிடுவார். சித்தி வந்தால் வீட்டில் நாள் முழுக்க அந்தப் பெயர் ஒலித்துக்கொண்டிருக்கும். பிள்ளை பக்கத்திலேயே இருந்தாலும் கூப்பிடுவாள். தூங்கிக்கொண்டிருக்கும்போதும் வாசலில் நின்று ஒருமுறை கூப்பிடுவாள். "தூங்குத பிள்ளையை எதுக்குக் கூப்பிடுதீய?" என்று நான் கேட்டதற்கு, "சும்மா" என்றாள். தாத்தா மட்டும் பேரனை எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை. "ஏலே" என்பார், அவனும் வருவான்.

1988 ஆடிப்பூரம். தேரோட்டத்தன்று எங்கள் தெரு வழியாக ஜனம் ஆறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தான். நான் அவனை விரலைப் பிடித்து வாசற்படியில் வைத்திருந்தேன். எப்படியோ உருவிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். உள்ளிருந்து ஓடிவந்த சித்தி படியில் நின்று, கூட்டத்துக்கு மேலாகக் குரல் எடுத்து "ஆஸ்வின்" என்று கூப்பிட்டாள்.

எல்லாரும் தேர் இருக்கும் திசையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் மட்டும் நின்று எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். இளவயது. அவருடைய காலடியில் பிள்ளை நின்றுகொண்டிருந்தான். சித்தியின் கண் தரையில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் குதித்துப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். அந்த ஆள் எங்கள் இருவரையும் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பின்னால் வந்த கூட்டம் நெருக்கித் தள்ளியது. அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, வேடிக்கையாகச் சொல்லும் எண்ணத்தில் அதைச் சொன்னேன். சித்தி கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவில் போகிற ஒரு மாமா பயந்து திரும்பிவிட்டார் என்றேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

சித்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"எப்படி இருந்தாங்க? ஒல்லியா? புருவத்துல வெட்டுத் தழும்பு இருந்துச்சா?"

"தெரியல சித்தி. மஞ்சப் பை வச்சிருந்தாங்க."

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேர் கையில் மஞ்சள் பை இருந்தது. சித்தி கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். சித்தப்பா எழுந்தார். "நீ உக்காருலே" என்றார் தாத்தா. பாதி இலையில் கையை உதறிவிட்டுச் சட்டையை மாட்டினார். என்னைப் பார்த்து, "நீதான பார்த்த, பிள்ளையைத் தூக்கிட்டு வா" என்றார்.

பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை. மதுரை பஸ், தென்காசி பஸ், சிவகாசி பஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. சித்தி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனாள். முகத்தைத் தேடியவளுக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. அல்லது கூப்பிட வாய் வரவில்லை. நாங்கள் பின்னால் போனோம். நான் எந்த முகத்தைப் பார்த்தாலும் அவரைப் போலவே இருந்தது. கடைசியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தாத்தா கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு எடுக்கும்போது கட்சிக்காரரின் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவது அவர் வேலை. மூன்றாவது அழைப்புக்கும் ஆள் வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். நான் பிறந்த வருஷமே அந்த வேலையை முடித்துக்கொண்டவர், அன்று பஸ் நிலையத்தின் நடுவில் போய் நின்றார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். முகத்தை நிமிர்த்தினார்.

"ஆஸ்வின்."

அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. கண்டக்டர்கள் விசிலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இடைவெளி விட்டு இரண்டாவது முறை கூப்பிட்டார். பஸ்களில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது ஒருவரும் இறங்கவில்லை. தென்காசி பஸ் பின்வாங்கித் திரும்பிக் கிளம்பியது.

என் இடுப்பில் இருந்த பிள்ளை தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு துள்ளினான். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி தூணில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். தாத்தா திரும்பி எங்களைப் பார்த்தார். அப்புறம், கோர்ட் வழக்கத்தில் இல்லாத நாலாவது தடவையாக, இந்த முறை மிகச் சின்னக் குரலில், அந்தப் பெயரைச் சொன்னார்.

ஆள் வரவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் கூப்பிட்டார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பிள்ளையை ஏன் அவ்வளவு இறுக்கமாக என்னிடமிருந்து வாங்கினார் என்பதும் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று எதிரே வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

தாத்தா 1993 மார்கழியில் காலமானார். சித்தப்பா குடும்பம் அதற்கு மறு வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டது. அன்று தெருவில் நின்றது தன் தம்பிதான் என்று சித்தி இன்றும் சொல்கிறாள். பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், அது போதும் என்கிறாள். 1997இல் நாசரேத்தில் ஒரு கல்யாணத்தில் அவளுடைய மூத்த தம்பியைச் சந்தித்தபோது நான் கேட்டேன். ஆஸ்வின் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகவும், அந்த ஆடிக்கு முன்பே போனானா பின்பு போனானா என்பது நினைவில்லை என்றும் சொன்னார். போன பிறகு அவர்களுக்கும் கடிதம் வரவில்லை. 1988 ஆடிப்பூரத்தன்று அந்தக் கடைசித் தம்பி இந்தக் கரையில்தான் இருந்தாரா என்பதை இன்று வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.